கூடுவாஞ்சேரியில் கூப்பிட்ட பெயர்

மூன்றாம் ஆண்டு படிக்கும்போது கல்லூரி மாணவர் பேரவையின் செயலாளர் பதவிக்கு நின்று தோற்றுப் போனேன். தோற்றதில் இப்போது வருத்தம் எதுவும் இல்லை. எத்தனை ஓட்டில் தோற்றேன் என்பதுகூட மறந்துவிட்டது. அந்த மூன்று வாரத்தில் நடந்த மற்றதெல்லாம் மறக்கவில்லை.

எங்கள் ஊர் கோவளம். அப்பா கடலுக்குப் போவார். அம்மா கரையில் ஏலம் எடுத்து, கேளம்பாக்கத்துக்குக் கொண்டுபோய் விற்பாள். சுனாமி வந்த அடுத்த வருஷம் நான் தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் சேர்ந்தேன். எங்கள் தெருவிலிருந்து ஒரு பெண்பிள்ளை அவ்வளவு தூரம் படிக்கப் போனது அதுதான் முதல் தடவை. மாமல்லபுரத்திலிருந்து வரும் பஸ்ஸில் ஏறினால் கேளம்பாக்கம், வண்டலூர் எல்லாம் சுற்றித் தாம்பரம் போய்ச் சேர ஒன்றரை மணி நேரமாகும். பஸ்ஸின் பின்பக்கம் மீன் கூடைகள் இருக்கும். எவ்வளவு பவுடர் பூசிக்கொண்டு கிளம்பினாலும் இறங்கும்போது அந்த வாசனையும் என்னோடு இறங்கும். முதல் நாள் என் பக்கத்தில் உட்கார்ந்த பெண் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டாள். பிறகு மன்னிப்புக் கேட்பதுபோலச் சிரித்துவிட்டு முன் பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

அந்தக் காலி இடத்தில்தான் என் தோழி வந்து உட்கார்ந்தாள். பெரிய மனசு பண்ணியெல்லாம் இல்லை. அவள் தாமதமாக வந்தாள், வேறு இடம் கிடைக்கவில்லை. ஆனால் மறுநாள் சீக்கிரமே வந்தும் அதே இடத்தில் உட்கார்ந்தாள்.

அவளுக்குக் குரோம்பேட்டை பக்கம் அஸ்தினாபுரத்தில் வீடு. அப்பா வங்கி அதிகாரி. வீட்டில் முட்டைகூட வாங்க மாட்டார்கள். ஒரு மாதத்துக்குள் என் டப்பாவிலிருந்து வஞ்சிரம் வறுவலை எடுத்துத் தின்னக் கற்றுக்கொண்டாள். ஆய்வகத்துக்குப் பின்னால் நின்று தின்றுவிட்டு, சோப்புப் போட்டு மூன்று முறை கை கழுவுவாள். "எங்கம்மாவுக்குத் தெரிஞ்சுது, என்னை வீட்டை விட்டே அனுப்பிடுவா" என்பாள். நான் சிரிப்பேன். அது அவளுக்காக நான் காத்த முதல் ரகசியம்.

இரண்டாவது ரகசியம் அடுத்த வருஷம் வந்தது. மதிய இடைவேளையில் பெண்கள் ஓய்வறையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். கை கழுவிக்கொண்டிருந்தவள் ஏதோ கேட்டதுபோல ஒரு பக்கமாகத் திரும்பினாள். அடுத்த கணம் தரையில் விழுந்தாள். கைகால்கள் வெட்டி இழுத்தன. வாயோரம் நுரை தள்ளியது.

என் சித்தப்பாவுக்கு வலிப்பு உண்டு. அதனால்தான் அவரைப் படகில் ஏற்ற மாட்டார்கள். என்ன செய்ய வேண்டும் என்று அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்திருந்தாள். தோழியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கு அடியில் என் பையை வைத்தேன். அந்த ஓய்வறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. உடைந்து ஒரு வருஷமாகியிருந்தது. வெளியே பெண்கள் வரும் சத்தம் கேட்டது. நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தபடியே இரண்டு காலையும் நீட்டிக் கதவை உதைத்துப் பிடித்துக்கொண்டேன்.

"தண்ணி வரல, மேல் மாடிக்குப் போங்க" என்று கத்தினேன்.

அவளுக்கு நினைவு வந்ததும் முதலில் கதவைத்தான் பார்த்தாள்.

"யாராவது பாத்தாங்களா?"

"யாரும் பாக்கல."

"யார்கிட்டயும் சொல்லிடாதடி. ப்ளீஸ். உங்க அம்மாகிட்டகூட."

"சொல்ல மாட்டேன்."

பத்தாம் வகுப்பிலிருந்தே அவளுக்கு அது இருந்திருக்கிறது. சொந்தக்காரர்கள் யாருக்கும் தெரியாது. ஒரே பெண், நாளைக்கு வரன் பார்க்கும்போது எவன் கட்டுவான் என்ற பயம் அவள் அம்மாவுக்கு. அக்கம்பக்கத்தில் காட்டினால் தெரிந்துவிடும் என்று கூடுவாஞ்சேரியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியைப் பிடித்திருந்தார்கள். வாசலில் பிரசவ ஆஸ்பத்திரி என்றுதான் போர்டு இருக்கும். ஒன்றுவிட்டு ஒரு புதன்கிழமை பிற்பகலில் நரம்பு டாக்டர் ஒருவர் அங்கே வந்து பின்பக்க அறையில் உட்காருவார். அதுவரை அவள் அம்மாதான் கூட்டிப் போயிருந்தார். ஒருநாள் ரயிலில் உறவுக்காரர் ஒருவரைப் பார்த்ததிலிருந்து பயந்துபோய் நிறுத்திவிட்டார்.

"நீ வர்றியா?" என்று கேட்டாள். போனேன். தாம்பரத்தில் ரயில் ஏறினால் அரை மணி நேரம். ஆஸ்பத்திரி கவுன்டரில் டோக்கன் வாங்கும்போது பெயர் கேட்டார்கள். அவள் திகைத்து நின்றாள். நான் என் பெயரைச் சொன்னேன். அதற்குப் பிறகு எப்போது போனாலும் என் பெயர்தான். நர்ஸ் அந்தப் பெயரைக் கூப்பிட்டால் நாங்கள் இருவருமே எழுந்து போவோம். உள்ளே டாக்டருக்கு எல்லாம் தெரியும். கூடத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கர்ப்பிணிகளுக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தால் என்ன என்றுதான் நான் நினைத்தேன்.

தாழ்ப்பாளுக்காக முதல்வருக்கு மனு எழுதியது நான்தான். நாற்பது பெண்களிடம் கையெழுத்து வாங்கி மூன்று முறை அலைந்தேன். நான்காவது முறை தச்சர் வந்தார். "இவ்ளோ அலைஞ்சிருக்க, எலெக்‌ஷன்ல நில்லேன்" என்று முதலில் சொன்னவள் விடுதியில் தங்கிப் படித்த ஒரு வகுப்புத் தோழி. விளையாட்டாகத்தான் ஆரம்பித்தாள். பிறகு அவளே மனுத்தாக்கல் படிவம் வாங்கி வந்தாள். முன்மொழிந்தது விடுதித் தோழி, வழிமொழிந்தது என் தோழி. எங்கள் கல்லூரியில் அதுவரை பெண்கள் துணைச் செயலாளர் பதவிக்குத்தான் நிற்பார்கள். என்னை எதிர்த்து நின்றவன் கூடைப்பந்து அணிக்காரன், எல்லோருக்கும் தெரிந்தவன். நான் ஜெயிப்பேன் என்று நானே நம்பவில்லை. ஆனால் முதல் வாரம் வகுப்பு வகுப்பாகப் போய்ப் பேசியபோது, தூரத்திலிருந்து வரும் பெண்கள் வாசல்வரை பின்னாலேயே வந்து பேசினார்கள். செய்முறை வகுப்பு பஸ் நேரத்துக்குள் முடிய வேண்டும், நூலகம் ஆறு மணிவரை திறந்திருக்க வேண்டும், ஓய்வறையில் தண்ணீர் வர வேண்டும். இந்த மூன்றைத்தான் எல்லா இடத்திலும் சொன்னேன். அந்த வாரம் எனக்கு ஆசை வந்துவிட்டது.

இரண்டாவது வாரத் திங்கட்கிழமை வணிகவியல் வகுப்பில் பேசி முடித்ததும் பின் வரிசையிலிருந்து ஒருவன் எழுந்தான்.

"அக்கா, கூடுவாஞ்சேரிக்கும் பஸ் விடச் சொல்லுவீங்களா?"

வகுப்பு சிரித்தது. எனக்குப் புரியவில்லை. நிஜமான கேள்வி என்று நினைத்துப் பதில் சொன்னேன்.

"கூடுவாஞ்சேரிக்குத்தான் டிரெயின் இருக்கே."

சிரிப்பு இரண்டு மடங்கானது. ஒருவன் பெஞ்சைத் தட்டினான். நானும் கூடச் சேர்ந்து கொஞ்சம் சிரித்துவிட்டு வெளியே வந்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

விடுதித் தோழி என்னை மரத்தடிக்கு இழுத்துப்போய்த் தன் செல்போனைக் காட்டினாள். ஆங்கில எழுத்தில் தமிழில் ஒரு செய்தி. 'செயலாளர் அம்மா கூடுவாஞ்சேரியில் இறக்கி வைத்த சுமை என்ன? பத்து பேருக்கு அனுப்பவும்.' முந்தின நாளே எல்லோர் போனுக்கும் வந்துவிட்டதாம். என்னிடம் செல்போன் இல்லாததால் எனக்கு மட்டும் வரவில்லை.

எங்கள் கல்லூரி மாணவன் ஒருவனின் அக்காவுக்கு அந்த ஆஸ்பத்திரியில் பிரசவம் ஆகியிருக்கிறது. நர்ஸ் என் பெயரைக் கூப்பிட்டதையும் நான் எழுந்து உள்ளே போனதையும் அவன் பார்த்திருக்கிறான். பார்த்தது நிஜம். மீதியை அவரவர் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டு நாளில் அது ஒரு முழுக் கதையாகிவிட்டது. கதையில் ஒரு லெக்சரர் வந்தார். ஒரு பஸ் கண்டக்டரும் வந்தார். கலைத்தது ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை என்று ஆனது.

"எதுக்குப் போன, அதைச் சொல்லு, நான் எல்லார்கிட்டயும் சொல்றேன்" என்றாள் விடுதித் தோழி.

"ஒரு ஃப்ரெண்டுக்குத் துணையாப் போனேன்."

"யாரு?"

நான் செல்போனை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். அவள் முகத்தில் அப்போது லேசாக ஒரு சந்தேகம் வந்ததைப் பார்த்தேன். அவளைக் குறை சொல்ல முடியாது.

அன்று மாலை தாம்பரம் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் என் தோழியோடு உட்கார்ந்திருந்தேன். குரோம்பேட்டைக்குப் போக வேண்டிய அவள் ரயில்கள் இரண்டு போய்விட்டன.

"வலிப்புன்னு சொல்ல வேணாம்டி. தலைவலின்னு சொல்லு. தைராய்டுன்னு சொல்லு. உனக்காக நான் வந்தேன்னு மட்டும் சொல்லு, போதும்" என்றேன்.

அவள் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"போன வாரம் பொண்ணு பாத்துட்டுப் போயிருக்காங்க. பெங்களூர்ல வேலை. அவரோட சித்தி பொண்ணு நம்ம காலேஜ்ல ஃபர்ஸ்ட் இயர். தலைவலின்னு சொன்னாலும் எந்த டாக்டர்னு கேப்பாங்க, போய் விசாரிப்பாங்க. அம்மா செத்துடுவாடி."

"எனக்கும் அம்மா இருக்காங்கடி."

"உங்க அம்மா தைரியமானவங்க. உன்ன நம்புவாங்க."

இப்படிச் சொல்லிவிட்டு அழுதாள். நான்தான் அவளைச் சமாதானப்படுத்தி அடுத்த ரயிலில் ஏற்றிவிட்டேன். ரயில் கிளம்பும்போது ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்து அழுத்தினாள். அது எனக்குப் போதுமாக இருந்தது. வார்த்தை கொடுத்தவள் நான். பேச்சு ஒரு வாரத்தில் அடங்கிவிடும் என்று நினைத்தேன்.

அடங்கவில்லை. வகுப்புக்குள் நுழைந்தால் பேச்சு நின்றது. ஆய்வக மேஜையில் யாரோ பேனாவால் படம் வரைந்து வைத்திருந்தார்கள். மதியம் தனியாக ஆய்வகத்துக்குப் பின்னால் போய்ச் சாப்பிட ஆரம்பித்தேன். எங்கள் துறைப் பேராசிரியை ஒருவர் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, நல்ல மனசோடுதான் சொன்னார்.

"வித்டிரா பண்ணிடும்மா. பேச்சு நின்னுடும்."

"நிக்காது மேடம். நெஜம்னு ஆயிடும்."

அவர் ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் அதே கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தான். அவன் வழியாகக் கோவளத்துக்கும் போய்ச் சேர்ந்தது. மீன் ஏலம் நடக்கும் இடத்தில் அம்மா போய் நின்றால் பெண்கள் விலகி நின்று பேசினார்களாம். அப்பா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நான் வீட்டில் இருக்கும்போது மட்டும் அவர் சாப்பிட உட்காரவில்லை. நான் கிளம்பிய பிறகு வந்து சாப்பிட்டார்.

அம்மா கேட்டாள். நான் தலை வாரிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்று கேட்டாள்.

"கூடுவாஞ்சேரிக்கு எதுக்குடி போன?"

"ஒரு ஃப்ரெண்டுக்குத் தொணையா போனேன்மா."

"எந்த ஃப்ரெண்டு?"

நான் சீப்பில் சிக்கிய முடியை எடுத்துக்கொண்டிருந்தேன்.

"உன்னத்தான்டி கேக்கறேன். ஊர்ல இன்னா பேசிகினு கீறாங்க தெரியுமா? பேர சொல்லு. நான் போய் அந்தப் பொண்ணு வூட்டாண்ட கேட்டுட்டு வரேன்."

அவள் நிஜமாகவே போவாள். கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அஸ்தினாபுரத்துக்கே போய், தெருவே கேட்கும்படி கேட்பாள். அதனால்தான் சொல்லவில்லை.

"என்ன நம்பும்மா" என்றேன்.

"நம்பாமயா கேக்கறேன்" என்றாள்.

இரண்டு நாள் கழித்து அம்மா வேலைக்குக் கிளம்பவில்லை. தலைக்குக் குளித்து, கல்யாணத்துக்குக் கட்டும் புடவையைக் கட்டியிருந்தாள். "இன்னிக்குக் காலேஜுக்குப் போவாத. என்கூட வா" என்றாள். பஸ்ஸில் எங்கே போகிறோம் என்று கேட்டேன். "சும்மா வா" என்றாள். ஜன்னலோரத்தை எனக்குக் கொடுத்தாள். வழியெல்லாம் என் கையைத் தன் மடியில் வைத்துப் பிடித்திருந்தாள். சின்னப் பிள்ளையில் தடுப்பூசி போடக் கூட்டிப் போகும்போது அப்படித்தான் பிடித்திருப்பாள். ஊருக்குத் தெரிந்த ஆஸ்பத்திரி எதற்கும் போகாமல் அடையாறுவரை கூட்டிப் போய், ஒரு பெண் டாக்டரின் கிளினிக் முன்னால் இறங்கினாள். அங்கே போர்டைப் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

திரும்பி ஓடியிருக்கலாம், கத்தியிருக்கலாம். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன்.

டாக்டரிடம் அம்மா மெதுவான குரலில் ஏதோ சொன்னாள். அவர் என்னைப் பார்த்தார். அம்மாவை வெளியே உட்காரச் சொன்னார்.

"எத்தனை வயசும்மா?"

"இருபது."

"என்ன படிக்கிற?"

"கெமிஸ்ட்ரி."

"உன்னைச் சோதிச்சுப் பாக்கணும்னு அம்மா சொல்றாங்க. உனக்குச் சம்மதமா?"

"அவங்களுக்கு நிம்மதின்னா பாருங்க மேடம்" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். என்னைத் தொடவே இல்லை. ஐந்து நிமிஷம் அங்கேயே உட்காரவைத்துவிட்டு, எழுந்துபோய்க் கதவைத் திறந்தார். "உங்க பொண்ணுக்கு ஒண்ணுமில்ல. இதுக்கெல்லாம் இனிமே எங்கயும் கூட்டிட்டுப் போகாதீங்க" என்று அம்மாவிடம் சொன்னார்.

அம்மா முகத்தைப் பார்த்தேன். சுனாமி அன்று அப்பா உயிரோடு திரும்பி வந்தபோது இருந்த அதே முகம். கண்ணை மூடி, வாயைத் திறந்து ஒரு மூச்சு விட்டாள். கல்லூரி முழுக்கச் சிரித்தது, மேஜையில் வரைந்தது, போனில் அனுப்பியது எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டேன். அந்த ஒரு மூச்சைத் தாங்க முடியவில்லை. சந்தேகப்பட்டிருந்தால்தானே அந்த நிம்மதி.

வெளியே வந்ததும் எனக்குக் கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்தாள். மல்லிகைப்பூ வாங்கித் தலையில் வைத்துவிட்டாள். "நான் நம்பிகினுதான் கீறேன்டி. உங்க நைனாவுக்குச் சொல்லணுமே, அதான்" என்றாள். நான் சரி என்றேன். திரும்பும்போது பஸ்ஸில் என் கையைப் பிடிக்க வந்தாள். தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஓட்டுப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு வேட்பாளர்கள் எல்லோரும் அரங்கத்தில் பேச வேண்டும். பேசி முடித்த பிறகு மாணவர்கள் சீட்டில் எழுதி அனுப்பும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். என் முறை வந்தது. கேள்விகளை வாசித்துக்கொண்டிருந்த மாணவி ஒரு சீட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, மடித்துக் கீழே வைத்தாள். பின் வரிசைகளிலிருந்து "படி, படி" என்று கத்தினார்கள். நான் கையை நீட்டினேன். தயங்கிக் கொடுத்தாள். மைக்கில் நானே படித்தேன்.

'கூடுவாஞ்சேரி பிரசவ ஆஸ்பத்திரியில் உங்கள் பெயரை எதற்குக் கூப்பிட்டார்கள்?'

மூன்றாவது வரிசையில் என் தோழி உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்க்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே பார்த்தேன். முகம் வெளுத்து, இரண்டு கையாலும் முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இந்தப் பரபரப்பில் அவளுக்கு வலிப்பு வந்துவிடக் கூடாதே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

"ஆமா, போனேன். என் பேரைத்தான் கூப்பிட்டாங்க. எதுக்குன்னு சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போறவங்க எதுக்குப் போனாங்கன்னு மைக்ல சொல்லணும்னு எந்தச் சட்டமும் இல்ல. நான் கெட்டவள்னு நெனைக்கறவங்க நெனைச்சுக்கங்க. ஓய்வறையில தண்ணி வரணும்னு நான் கேக்கறது அதனால தப்பாயிடாது."

பெண்கள் பக்கத்தில் சிலர் கைதட்டினார்கள். பின்னாலிருந்து விசில் வந்தது. என் தோழி எழுந்து, குனிந்தபடி வெளியே போனாள். அழத்தான் போகிறாள் என்று நினைத்தேன். எனக்காக அழுகிறாள் என்று நினைத்து, அந்த நேரத்திலும் கொஞ்சம் சந்தோஷப்பட்டேன்.

மேடையிலிருந்து இறங்கியதும் விடுதித் தோழி என்னைக் கட்டிப்பிடித்தாள். பிறகு, "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்ல வேணாம்னுதான் இருந்தேன்" என்றாள். முந்தின வாரம் விடுதிப் பெண்கள் சிலர் என் தோழியைக் கேன்டீனில் மடக்கிக் கேட்டிருக்கிறார்கள். நீயும்தானே கூடுவாஞ்சேரிக்குப் போனாய் என்று. அவள் சொன்னாளாம்: "நான் அவளுக்குத் துணையாத்தான் போனேன். மத்தது எனக்குத் தெரியாது."

"நீ துணையாப் போனேன்னு சொன்ன. அவளும் துணையாப் போனேன்னு சொல்றா. அதுக்கப்புறம்தான் ஹாஸ்டல்ல எல்லாரும் நம்பிட்டாங்க" என்றாள்.

பஸ் பிடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு நடந்தேன். ஸ்டேஷன் பாலத்தில் ஏறி, எதிர்ப்பக்கம் இறங்கி, பஸ் நிலையத்தைத் தாண்டியும் போய்விட்டேன். யாரோ ஒரு பூக்காரம்மா "இன்னா பாப்பா, எங்க போற?" என்று கேட்ட பிறகுதான் நின்றேன்.

தோற்றேன். முடிவு அறிவித்ததும் ஜெயித்தவன் கும்பலை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தான். "நாங்க ஆரம்பிக்கலங்க. ஆனா நிறுத்தவும் இல்ல. ஸாரி" என்றான். நான் வாழ்த்துச் சொன்னேன். நேரில் வந்து அந்த வார்த்தையைச் சொன்னவன் அவன் ஒருவன்தான்.

என் தோழி வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள். நான் சண்டை போடவில்லை, அவளும் விளக்கம் சொல்லவில்லை. புதன்கிழமைகளில் அவள் தனியாகப் போனாளா, நின்றுவிட்டாளா என்று தெரியாது. புதன் மதியம் ஆனால் என் கண் தானாக அவள் இடத்தைப் பார்க்கும். காலியாக இருந்தால் நிம்மதியாக இருக்கும். பரீட்சை முடிந்த மாதம் அவளுக்குக் கல்யாணம். பத்திரிகை தபாலில் வந்தது, உள்ளே ஒரு வரிகூட எழுதாமல். நான் போகவில்லை.

அப்பா கொஞ்சம் கொஞ்சமாகப் பேச ஆரம்பித்தார். டாக்டர் சொன்னதை அம்மா அவரிடம் சொல்லியிருப்பாள். எனக்கு ஆலத்தூரில் ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வகத்தில் வேலை கிடைத்தது. அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் சண்டை என்று ஒன்றும் இல்லை. ஆனால் அவள் என்னைத் தொட வந்தால் எனக்கு ஏதாவது வேலை வந்துவிடும்.

ஒன்றரை வருஷம் கழித்து என் செல்போனுக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. தோழியின் அம்மா.

"நீதானேம்மா சொன்ன? உன்னைத் தவிர வெளியாள் யாருக்கும் தெரியாது. அவளைத் திருப்பி அனுப்பிட்டாங்க. எலெக்‌ஷன்ல தோத்த கோவத்தை இப்படியா காட்டணும்? என் வீட்ல சாப்பிட்டிருக்கியே நீ."

நான் பேச வாயெடுப்பதற்குள் வைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அஸ்தினாபுரம் போனேன். கேட் பூட்டியிருந்தது. பெல் அடித்தேன். உள்ளேயிருந்து தோழி வந்தாள். ரொம்ப மெலிந்திருந்தாள். பூட்டைத் திறக்காமல் கம்பிக்கு அந்தப் பக்கமே நின்றாள்.

"நான் யார்கிட்டயும் சொல்லலடி" என்றேன்.

"தெரியும்." உள்ளே திரும்பிப் பார்த்துக்கொண்டு, அவள் அம்மாவுக்குக் கேட்காத குரலில் சொன்னாள். "நான்தான் மாத்திரையை நிறுத்தினேன். அவர் பாத்துடுவாரோன்னு பயந்து நிறுத்திட்டேன். சமையக்கட்டுல விழுந்துட்டேன். ஆஸ்பத்திரில எல்லாம் சொல்லிட்டாங்க."

"உங்க அம்மாகிட்ட சொல்லுடி."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நிறுத்தியது தன் தப்பு என்று அம்மாவுக்குத் தெரிந்தால் தாங்க மாட்டார் என்று நினைத்திருப்பாள். சொல்லமாட்டாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. என்ன வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம். அன்று கேன்டீனில் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்கத்தான் இத்தனை நாள் உள்ளுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன். கம்பியைப் பிடித்திருந்த அவளுடைய எலும்பும் தோலுமான மணிக்கட்டைப் பார்த்ததும் அது வாயில் வரவில்லை.

"இப்போ மாத்திரை போடுறியா?"

"போடுறேன்."

"விடாம போடு."

உள்ளேயிருந்து "யாரு?" என்று குரல் வந்தது. "யாருமில்லம்மா" என்று சொல்லிக்கொண்டே அவள் உள்ளே போனாள். அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை.

அன்று வீடு திரும்பியபோது அம்மா வாசலில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஓய்வறை, டோக்கன், கூடுவாஞ்சேரி, கேன்டீன், பூட்டிய கேட். அம்மா குறுக்கே பேசவில்லை.

"அன்னிக்கே சொல்லியிருந்தா இன்னாடி?"

"சொன்னா நீ அவங்க வூட்டாண்ட போயிருப்ப."

"போயிருப்பேன். நீ என் பொண்ணு. போகாம?" என்றவள் சட்டென்று முகத்தை மூடிக்கொண்டாள். கையெல்லாம் உப்பு. "உன்ன அங்க இட்டுகினு போனேனேடி. நல்ல புடவ கட்டிகினு இட்டுகினு போனேனே" என்று திரும்பத் திரும்பச் சொல்லி அழுதாள். சுனாமிக்குப் பிறகு அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

கண்ணில் உப்புப் படும் என்று அவள் கைகளை இழுத்து என் துப்பட்டாவால் துடைத்துவிட்டேன். துடைத்த பிறகும் விடவில்லை. வெயில் இறங்கும்வரை இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். காக்காய் வந்து கருவாட்டைக் கொத்தியபோது அம்மாதான் முதலில் எழுந்தாள்.